புதிய கர்னலுக்கு எப்போது மாறுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்றில் கர்னல் பொதியைப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. புதிய கர்னல் வெளிவரும்போதெல்லாம் அதே பதினேழு கேள்விகள் வந்து சேர்கின்றன. கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இந்தப் பக்கத்தைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன், கோபத்தில் கேட்டவை உட்பட.

கர்னல் என்றாலே இயங்குதளம்தானே? இரண்டையும் ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்?

கர்னல் என்பது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் இருக்கும் அடிப்பகுதி. நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது, வட்டிலிருந்து கோப்பை எடுத்துத் தருவது, வைஃபை அட்டையோடு பேசுவது எல்லாம் அதன் வேலை. நீங்கள் கண்ணால் பார்க்கும் திரையோ உலாவியோ கர்னல் இல்லை.

லினக்ஸ் உலகில் கர்னலை எழுதுபவர்கள் ஒரு கூட்டம், அதைச் சுற்றி இயங்குதளத்தைக் கட்டுபவர்கள் வேறு கூட்டம். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரலில் சேர்ந்து வளர்ந்து சேர்ந்தே வெளியாகின்றன. அங்கே இந்தப் பக்கத்துக்கு வேலையே இல்லை. நமக்கோ கர்னலுக்கு ஒரு நாட்காட்டி, இயங்குதளத்துக்கு இன்னொரு நாட்காட்டி. இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் கீழே உள்ள எல்லாக் கேள்விகளும் பிறக்கின்றன.

புதிய கர்னல் போன வாரமே வந்துவிட்டது. உங்களிடம் ஏன் இன்னும் வரவில்லை? தூங்குகிறீர்களா?

சில இரவுகளில் தூங்குகிறேன். மற்ற நேரங்களில் நடப்பது இதுதான்: லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய கர்னலை வெளியிடுகிறார். முதல் 2 வாரங்கள் புது மாற்றங்களை உள்ளே எடுக்கும் காலம். அதன் பிறகு ஆர்சி எனப்படும் சோதனைப் பதிப்புகள் ஆர்சி1 தொடங்கி வாரத்துக்கு ஒன்றாக ஆர்சி7 அல்லது ஆர்சி8 வரை வரும்; அப்போது பிழை திருத்துவது மட்டுமே நடக்கும். ஒரு சுற்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் நுழைகின்றன. அத்தனையும் உலகத்திலுள்ள எல்லா வன்பொருளிலும் சோதிக்கப்பட்டிருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை, தரவும் முடியாது.

ஆர்சி நிலையில் எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு 2021 மார்ச் ஓர் உதாரணம். 5.12-ன் ஆர்சி1-ல், ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் இடத்தை) தனிப் பிரிவாக வைக்காமல் கோப்பாக வைத்திருந்தவர்களுக்கு, ஸ்வாப் தரவு தவறான இடத்தில் எழுதப்பட்டுக் கோப்பு முறைமையையே அழித்தது. டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்பின் பெயரோடு 'பயன்படுத்தாதீர்கள்' என்று பொருள்படும் சொல்லையே ஒட்டிவைத்தார். இறுதி வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டது என்பதால் அமைப்பு வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாப் பிழைகளும் அப்படி முன்கூட்டியே அகப்படுவதில்லை.

எண்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 6.12 என்கிறீர்கள், 6.12.5 என்கிறீர்கள். 5-லிருந்து 6-க்குப் போனது பெரிய மாற்றமா?

முதல் எண்ணுக்குப் பெரிய பொருள் கிடையாது. இரண்டாவது எண் 20-ஐ நெருங்கும்போது முதல் எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். 4.20-க்குப் பிறகு 5.0, 5.19-க்குப் பிறகு 6.0. இரண்டாவது எண் மாறுவதுதான் உண்மையான புதிய வெளியீடு. மூன்றாவது எண், அந்த வெளியீட்டுக்குப் பின்னர் வரும் திருத்தங்களைக் குறிக்கிறது. கிரெக் க்ரோ-ஹார்ட்மனும் சாஷா லெவினும் அந்தத் திருத்தத் தொடரைப் பராமரிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் 'மாறுவது' என்று நான் எழுதும் இடமெல்லாம் இரண்டாவது எண் மாறுவதையே சொல்கிறேன்.

புள்ளி ஒன்று வரும்வரை காத்திருந்தால் போதும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பாதி சரி. முதல் சில திருத்தப் பதிப்புகளில், ஆயிரக்கணக்கானோர் நிறுவிப் பார்த்த பிறகு தெரியவந்த பிழைகள் அடைக்கப்படுகின்றன. ஆனால் திருத்தப் பதிப்பிலேயே புதுப் பிழை நுழைவதும் உண்டு. 2022 செப்டம்பர் இறுதியில் வந்த 5.19.12-ஐ நிறுவிய சில இன்டெல் மடிக்கணினிகளின் திரை விடாமல் மினுக்கியது. திரைக்கு மின்சாரம் கொடுக்கும் கால இடைவெளிகள் தவறாகக் கணக்கிடப்பட்டதே காரணம். திரையே பழுதாகலாம் என்று எச்சரிக்கை வந்தது. சில நாளில் 5.19.13 வந்து அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. நண்பரின் கணக்குப்படி புள்ளி ஒன்றுக்காகக் காத்திருந்தவரும் புள்ளி பன்னிரண்டில் மாட்டியிருப்பார்.

அப்படியென்றால் நீண்டகாலப் பதிப்பையே பிடித்துக்கொள்கிறேன். தலைவலி இல்லை, அல்லவா?

நீண்டகாலப் பதிப்பு என்பது, சாதாரண வெளியீட்டைப்போல ஏறக்குறைய 3 மாதத்தில் கைவிடப்படாமல், ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள் பெறும் பதிப்பு. 5.10, 5.15, 6.1, 6.6, 6.12 எல்லாம் அந்த வகை. ஆண்டின் கடைசி வெளியீட்டைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஒருகாலத்தில் 6 ஆண்டுகள் வரை பராமரித்தார்கள். 2023-ல் அதை 2 ஆண்டுகளாகக் குறைப்பதாகச் சொன்னார்கள். பயன்படுத்துபவர்களும் பராமரிக்க ஆளும் இருந்தால் நீட்டிப்பார்கள். தொழிற்சாலைக் கருவிகள் போன்றவற்றுக்காகச் சிஐபி என்னும் திட்டம் 4.4, 4.19, 5.10, 6.1 ஆகியவற்றைக் குறைந்தது 10 ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கிறது.

தலைவலி இல்லையா என்றால், இருக்கிறது. 2023 நவம்பர் இறுதியில் 6.1.64 வந்தது. எக்ஸ்டி4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தத்தைப் புதிய கர்னலிலிருந்து எடுத்து 6.1-க்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தம் சரியாக வேலை செய்ய அதற்கு முன்னால் வந்த இன்னொரு மாற்றமும் தேவை. அது 6.5-ல் இருந்தது, 6.1-ல் இல்லை. திருத்தம் வந்தது, துணை வரவில்லை. விளைவு, தரவுச் சிதைவு. டெபியன் என்னும் இயங்குதளம் தன் 12.3 வெளியீட்டை அந்தக் கர்னலோடு ஆயத்தப்படுத்தி வைத்திருந்தது. நிறுவுவதற்கான கோப்புகளை நிறுத்திவைத்துவிட்டு, மறுநாளே 6.1.66-ஐச் சேர்த்து 12.4 என்று வெளியிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று 6.6-க்கு மாறியிருந்தவர்களுக்கு இந்தப் பிழை வரவே இல்லை. 'பழையது, ஆகவே பத்திரமானது' என்று 6.1-ல் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். ஒன்றை மட்டும் வைத்து நீண்டகாலப் பதிப்பே தப்பு என்று சொல்லிவிட முடியாது. நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதுவும் ஓடும் வண்டி. வாராவாரம் அதனுள்ளும் மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

எங்கள் சர்வரில் 5.14 ஓடுகிறது. அந்தப் பதிப்பு எப்போதோ கைவிடப்பட்டதாக இணையத்தில் படித்தேன். எங்கள் நிர்வாகி பதற வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?

நிர்வாகியை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ன் கர்னல் எண் 5.14. மூலக் கர்னல் குழுவைப் பொறுத்தவரை 5.14 நீண்டகாலப் பதிப்பாக இருந்ததே இல்லை, 2021-லேயே அதை விட்டுவிட்டார்கள். ஆனால் ரெட் ஹாட் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, புதிய கர்னல்களிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்களையும் வன்பொருள் ஆதரவையும் தொடர்ந்து உள்ளே கொண்டுவருகிறது. இந்த வேலைக்குப் பேக்போர்ட் என்று பெயர். உபுண்டு 24.04-ன் 6.8-உம் அப்படித்தான். அதை உபுண்டுவை உருவாக்கும் கனானிகல் நிறுவனம் தன் செலவில் பராமரிக்கிறது.

ஆகவே எண்ணைப் பார்த்துக் காலாவதி என்று முடிவுகட்டாதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு திருத்துபவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் பயமில்லை. நீங்களாகவே ஒரு 5.14-ன் மூலநிரலைத் தரவிறக்கித் தொகுத்து (ஓடும் நிரலாக மாற்றி) ஓட்டிக்கொண்டிருந்தால் பயப்படுங்கள்.

அப்படியானால் நீங்களும் பேக்போர்ட் செய்தே காலத்தை ஓட்டலாமே? எதற்கு மாற வேண்டும்?

அதற்குத் தனிப் படையே வேண்டும், எங்களிடம் இரண்டரைப் பேர் இருக்கிறார்கள். எக்ஸ்டி4 கதையை மறுபடி படியுங்கள். இருபது ஆண்டு அனுபவசாலிகள் கூடி நடத்தும் தொடரிலேயே துணையை விட்டுவிட்டுத் திருத்தம் வந்தது.

இன்னொரு வகைச் சிக்கலும் இருக்கிறது. சில திருத்தங்கள் பழைய கர்னலின் அமைப்பிலேயே பொருந்தாதவை. 2018 ஜனவரியில் செயலிகளிலிருந்த மெல்ட்டவுன் என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, 4.14, 4.15-க்கு வந்த தீர்வு ஒன்று, 4.4, 4.9-க்கு வந்தது கெய்சர் என்னும் முற்காலத் திருத்தங்களின் அடிப்படையிலான வேறொன்று. பெயர் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. முடிந்தவர்கள் புதிய கர்னலுக்கே போய்விடுங்கள் என்று க்ரோ-ஹார்ட்மன் அப்போதே எழுதினார். கர்னல் பழசாக ஆக, ஒட்டுப்போடும் செலவு மாறும் செலவைத் தாண்டிவிடும். எந்த ஆண்டில் தாண்டும் என்பது உங்கள் குழுவில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.

பழைய கர்னலில் ஓட்டைகள் அதிகம், புதியதில் குறைவு என்பது உண்மையா?

இரண்டு ஓட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டர்ட்டி கவ் 2007-ல் 2.6.22-ல் நுழைந்து 2016 அக்டோபரில் அடைபட்டது. 9 ஆண்டுகள் பழையதிலும் இருந்தது, புதியதிலும் இருந்தது. 2022 மார்ச்சில் வெளியான டர்ட்டி பைப்போ 5.8-ல்தான் நுழைந்தது. 4.19-ல் இருந்த டெபியன் 10-க்கு அது வரவே இல்லை. 5.10-ல் இருந்தவர்களுக்கு 5.10.102-ல்தான் அது அடைபட்டது.

வயதுக்கும் ஓட்டைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அடைப்பு எவ்வளவு வேகமாக உங்களிடம் வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு.

சிவிஇ பட்டியலில் வாராவாரம் கர்னல் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் தணிக்கையாளர் எல்லாவற்றுக்கும் பதில் கேட்கிறார். உடனே மாறிவிடட்டுமா?

சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் பொது அடையாள எண். 2024 பிப்ரவரியில் கர்னல் குழுவே அந்த எண்ணை வழங்கும் அதிகாரத்தைப் பெற்றது. கர்னலில் எந்தப் பிழையும் ஏதோ ஒரு வழியில் பாதுகாப்புப் பிழையாகலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. அதனால் திருத்தங்களுக்குத் தாராளமாக எண் கொடுக்கிறார்கள், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில். நீங்கள் இயக்கவே இயக்காத டிரைவரின் (வன்பொருளை இயக்கும் நிரலின்) பிழையும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

ஒவ்வொன்றாக ஆராய்ந்து 'இது நமக்கில்லை' என்று எழுதிக்கொண்டிருப்பதைவிட, நீங்கள் இருக்கும் தொடரின் திருத்தப் பதிப்புகளை ஒழுங்காக ஏற்றிக்கொள்வது மலிவு. இதற்காக 6.6-ஐ விட்டு 6.12-க்குத் தாவத் தேவையில்லை. தணிக்கையாளருக்குப் பதிப்பு எண்ணும் தேதியும் போதும். போதாது என்றால் அவரிடம் மேலே உள்ள 5.14 பற்றிய பதிலைக் காட்டுங்கள்.

கர்னலை ஏற்றினேன், மறுதொடக்கம் செய்தேன், கருந்திரை. கர்னல் பயனர்களை உடைக்காது என்று யாரோ பெருமையடித்தார்களே?

அந்த வாக்குறுதி உண்மைதான். பயனர் நிரல்களை உடைக்கும் மாற்றத்தை டோர்வால்ட்ஸ் ஏற்பதில்லை, அதில் அவர் காட்டும் கடுமை ஊரறிந்தது. ஆனால் அந்த வாக்குறுதி கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களுக்கு மட்டும். வெளியார் எழுதி கர்னலுக்கு உள்ளே செருகப்படும் மாட்யூல்கள் என்னும் துண்டுகளுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. என்விடியாவின் கிராபிக்ஸ் டிரைவர், ஓபன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல்கள் எல்லாம் இந்த வகை. கர்னலின் உட்பகுதி மாறினால் அவை மறுபடி தொகுக்கப்பட வேண்டும், சில நேரங்களில் மறுபடி எழுதப்பட வேண்டும்.

ஓபன்இசட்எஃப்எஸ் இதில் நேர்மையானது. எந்தக் கர்னல் வரை ஆதரவு என்பதை ஒவ்வொரு வெளியீட்டிலும் எழுதிவைக்கிறது. அந்த வரம்பைத் தாண்டிக் கர்னலை மாற்றிவிட்டு, சேமிப்பகம் தெரியவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் இன்னொரு சங்கடம்: மாட்யூல் சரியாகவே தொகுக்கப்பட்டிருக்கும், கையொப்பம் இல்லாததால் கர்னல் அதை ஏற்காது.

புதிய மடிக்கணினி வாங்கினேன். உங்கள் இயங்குதளத்தில் வைஃபையே இல்லை. இப்போதும் காத்திருக்கச் சொல்வீர்களா?

இல்லை. வன்பொருளைவிடக் கர்னல் பழையதாக இருந்தால் மாறுவதைத் தவிர வழியில்லை. இதற்காகவே நாங்கள் இரண்டு கர்னல் பொதிகள் தருகிறோம், ஒன்று நீண்டகாலம், மற்றொன்று புதியது. ஆர்ச் லினக்ஸிலும் இரண்டும் உண்டு. உபுண்டுவின் நீண்டகால வெளியீடுகளில் வன்பொருளுக்கெனத் தனித் தொடர் இருக்கிறது. 24.04 வந்தபோது 6.8, அதன் இரண்டாம் தவணையில் 6.11, மூன்றாம் தவணையில் 6.14. புதியதை நிறுவுங்கள், அந்த டிரைவர் நீண்டகாலப் பதிப்புக்கு வந்ததும் திரும்பிவிடலாம்.

மற்றவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? அவர்களைப் பார்த்து அப்படியே செய்தால் என்ன?

ஃபெடோரா ஒரே வெளியீட்டுக்குள்ளேயே கர்னலைப் புதுப்பித்துக்கொண்டே போகிறது; அதற்கு முன் சோதனை வாரம் அறிவித்துப் பயனர்களைச் சோதிக்க அழைக்கிறது. ஓபன்சூசே டம்பிள்வீட், ஓபன்க்யூஏ என்னும் தானியங்கிச் சோதனையில் தேறிய பிறகு விடுகிறது. டெபியன் நிலையான வெளியீட்டில் ஒரே தொடரோடு நிற்கிறது: 12-ல் 6.1, 13-ல் 6.12. யாருடைய பயனர்கள் உங்கள் பயனர்களைப்போல இருக்கிறார்கள் என்று பார்த்துப் பின்பற்றுங்கள். ஃபெடோராவின் வேகத்தை எடுத்துக்கொண்டு அதன் சோதனையாளர் கூட்டத்தை விட்டுவிடுவது எனக்குத் தெரிந்த மிகச் சாதாரணமான தவறு. நானே செய்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் எதைப் பார்த்து 'சரி, மாறலாம்' என்கிறீர்கள்?

முதலில் பார்ப்பது எங்கள் இயங்குதள வெளியீட்டின் கடைசி நாளை. அந்த நாள்வரை இந்தக் கர்னலுக்கு வெளியே யாராவது திருத்தம் தருவார்களா? தரமாட்டார்கள் என்றால், அதில் என்ன புதுமை இருந்தாலும் முதன்மைக் கர்னலாக ஏற்பதில்லை. முக்கால்வாசி முடிவு இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்து, எங்கள் பயனர்கள் அதிகம் நிறுவியிருக்கும் வெளியார் மாட்யூல்கள் அதில் தொகுபடுகின்றனவா என்று பார்ப்பேன். பிறகு, எதை நீக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். சேர்த்தவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நீக்கியவற்றைப் பற்றி எழுதுபவர் குறைவு. 6.7-ல் இட்டானியம் செயலிக்கான ஆதரவு போனது. 6.13-ல் ரெய்சர்எஃப்எஸ் கோப்பு முறைமை போனது. 6.7-ல் வந்த பிகேஷ்எஃப்எஸ் கோப்பு முறைமை 6.18-ல் வெளியேற்றப்பட்டது. 6.6-ல் செயல்களை வரிசைப்படுத்தும் அட்டவணைப்படுத்தியே மாறி இஇவிடிஎஃப் என்னும் புதிய முறை வந்தது. இதனால் எதுவும் உடையாது, ஆனால் சுமை மிகுந்த சர்வரில் வேகம் மாறலாம். அங்கே அளந்து பார்க்காமல் மாறக் கூடாது.

கடைசியாகச் சோதனை. இதில் சூடுபட்ட கதை ஒன்று. ஒருமுறை ஒரு கர்னலை எல்லா வகையிலும் சோதித்து வெளியிட்டோம். இரண்டு நாளில் புகார்கள்: மடிக்கணினியை மூடித் திறந்தால் வைஃபை திரும்பி வருவதில்லை. நாங்கள் சோதித்த கணினிகள் அத்தனையும் மேசைக் கணினிகள், அவற்றை யாரும் மூடித் திறப்பதில்லை. இப்போது சோதனைப் பட்டியலில் முதல் வரியே 'மூடு, திற' என்பதுதான். விடுமுறைக்கு முந்தைய நாள் வெளியிடுவதில்லை என்பது இரண்டாவது வரி. அதன் கதை வேண்டாம்.

பிடிக்கவில்லை என்றால் பூட் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் போயிற்று. எதற்கு இவ்வளவு யோசனை?

பெரும்பாலும் அப்படியே. அதனால்தான் குறைந்தது ஒரு பழைய கர்னலை அழிக்காமல் வைக்கச் சொல்கிறோம். ஆனால் கர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பிரிவைச் சிறியதாக வைத்தவர்களுக்கு அங்கே இடம் நிரம்பி, புதிய கர்னல் பாதியில் எழுதப்பட்டு நிற்கும். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது.

உண்மையான கண்ணி கோப்பு முறைமையில் இருக்கிறது. கர்னலைத் திருப்பலாம், வட்டில் எழுதியதைத் திருப்ப முடியாது. எக்ஸ்எஃப்எஸ்-ல் தேதிகளை 2038-க்கு அப்பால் 2486 வரை கொண்டுபோகும் வசதி 5.10-ல் வந்தது. அதை இயக்கிவிட்டால் 5.10-க்கு முந்தைய கர்னல் அந்த வட்டை ஏற்றாது. இசட்எஃப்எஸ் சேமிப்பகத்தை மேம்படுத்துவதும் ஒருவழிப் பாதைதான். எங்கள் விதி: கர்னல் மாறிய பிறகு, பழைய கர்னலுக்குத் திரும்பும் தேவை இனி இல்லை என்று தெளிவாகும்வரை வட்டு வடிவத்தில் எந்தப் புது வசதியையும் இயக்குவதில்லை.

லைவ் பேட்ச் இருக்கிறதே, மறுதொடக்கமே வேண்டாமே?

லைவ் பேட்ச், மறுதொடக்கம் இல்லாமலே, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் குறிப்பிட்ட ஓட்டைகளை அடைக்கும். 6.6-ஐ 6.12 ஆக்காது. பராமரிப்பு நேரம் வரும்வரை தாக்குப்பிடிக்க நல்ல வழி, மாறுவதற்கு மாற்று இல்லை.

பழைய கர்னலில் வேலை செய்கிறது, புதியதில் இல்லை. எந்த மாற்றம் கெடுத்தது என்று பத்தாயிரத்தில் எப்படித் தேடுவது?

பாதி பாதியாக வெட்டித் தேடுங்கள். நடுவிலுள்ள மாற்றம்வரை தொகுத்து ஓட்டுங்கள். பிழை இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி. மூலநிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் 'கிட் பைசெக்ட்' கட்டளை இதைத் தானே நடத்திக்கொடுக்கும். பத்தாயிரத்துச் சொச்சம் மாற்றங்களுக்கு 14 முறை தொகுத்தால் குற்றவாளி அகப்படும். அந்த ஒரு வரியோடு புகார் அனுப்பினால் டிரைவர் பராமரிப்பாளர் உடனே கவனிப்பார். 'புதிய கர்னல் மோசம்' என்று அனுப்பினால் எனக்கு மட்டும்தான் வந்து சேரும்.

எங்கள் வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது. அடுத்த நீண்டகாலப் பதிப்பு எது என்று இன்னும் அறிவிக்கவில்லை. ஊகித்துத் தேர்ந்தெடுக்கலாமா?

இரண்டு வழிகளைப் பார்த்திருக்கிறேன். தங்கள் வெளியீட்டில் கர்னலை இனி மாற்றுவதில்லை என்று உறையவைக்கும் நாளில் எது மிகப் புதியதோ, அது ஆர்சி நிலையில் இருந்தாலும் அதையே எடுப்பதாக 2024 ஆகஸ்டில் உபுண்டு அறிவித்தது. அந்த முறையில்தான் 24.10-க்கு 6.11 வந்தது. 6.11 நீண்டகாலப் பதிப்பு இல்லை. கனானிகலால் அதைத் தாங்க முடியும், பராமரிக்க ஆள் இருக்கிறது.

ஆள் இல்லாதவர்கள் ஊகிக்கக் கூடாது. 'ஆண்டின் கடைசி வெளியீடுதானே' என்று கணக்குப் போட்டு ஒருமுறை நான் ஒரு கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது, ஆண்டும் புரண்டது, அறிவிப்பு வேறு எண்ணுக்கு வந்தது. பயனர்களை அடுத்த தொடருக்கு நகர்த்தி முடிக்கும்வரை மூன்று மாதம் நானே உட்கார்ந்து திருத்தங்களைப் பொறுக்கி ஒட்டினேன். அதற்குப் பிறகு, அறிவிப்பு வந்து சில திருத்தப் பதிப்புகளும் கண்ட தொடரை மட்டுமே முதன்மையாக எடுக்கிறோம். தேதி இடித்தால் ஓராண்டு பழைய நீண்டகாலப் பதிப்போடு வெளியிட்டுவிட்டு, புதியதை இரண்டாவது பொதியாகப் பின்னர் சேர்க்கிறோம்.